ஆழத்து முனைக்காரியின் பல்

இறால் தடவுவதற்குக் கைதான் முக்கியம் என்று கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களைக் கேட்டால் பல் என்போம். இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருக்கும்போது, பிடித்த இறாலைப் போடுகிற பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். பனையோலையில் பின்னிய, கழுத்து குறுகிய சின்னக் கூடை அது. தண்ணீருக்குள் குந்தியபடியே நகர்ந்தால் மோவாய் வரை தண்ணீர் நிற்கும். பறியின் வாய் மட்டும் மூக்குக்குக் கீழே திறந்திருக்கும். கை மேலே வரும், இறாலைப் போடும், மறுபடி உள்ளே போகும். இப்படியே மூன்று மணி நேரம். பல் பலமாக இல்லாதவள் இந்தத் தொழிலுக்கு வர முடியாது.

அப்படிப்பட்ட தொழிலில் இருக்கிற எனக்குத்தான் மேல்வரிசை நடுப்பல் இரண்டும் போயின. தீபாவளிக்குத் துணி எடுக்க மகளோடு பொன்னேரி போயிருந்தேன். திரும்பும்போது நல்ல மழை. ஷேர் ஆட்டோவில் கடைசி இடத்தைப் பிடிக்க ஓடினேன். அடுத்த ஆட்டோ பின்னாலேயே நின்றது, யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. கால் வழுக்கி, வாய் ஆட்டோ கம்பியில் போய் மோதியது. பல் போனது கூடத் தெரியாமல் துணிப்பையை மட்டும் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தேனாம். மகள் இன்றைக்கும் யார் வந்தாலும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் கூச்சப்படுகிற ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தவள். தாலுகா ஆபீசில் நின்று அதிகாரியிடம் குரல் உயர்த்திப் பேசியவள். ஆனால் அந்த ஓட்டை என்னை அடக்கிவிட்டது. பேசும்போது முந்தானை தானாக வாய்க்குப் போனது. சிரிப்பதை நிறுத்திவிட்டேன். என் சிரிப்பு நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பார்கள், அது அப்படியே நின்றுபோனது.

மகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள், விடியற்காலை ரயிலில் போய் இருட்டினபின் வருகிறவள். எனக்காக ஒருநாள் லீவு போட்டுப் பொன்னேரிக்கு இழுத்துப் போய்ப் பல் கட்ட வைத்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு பிளேட்டு, அதில் இரண்டு பல், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கரும்பு கூடாது, முறுக்கு கூடாது என்று டாக்டரம்மா வரிசையாகச் சொன்னார். கடைசியில், வேறு எதையாவது கடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும், "பறியக் கவ்வுறது கடிக்கிறதுல சேராது" என்றேன். டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாதிரி செய்து கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கிற டாக்டரிடம் சொல்லாமல் வந்தது என் தப்பு, அதை யார் தலையிலும் போட மாட்டேன்.

பல் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. சோறு சாப்பிட்டேன், மீன் சாப்பிட்டேன், ஒரு குறையும் இல்லை. வாய் விட்டுச் சிரித்தால் மட்டும் பிளேட்டு கழன்று நாக்கின்மேல் விழும். அதனால் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்பவள் போல உதட்டை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு இப்போதுதான் அடக்க ஒடுக்கம் வந்திருக்கிறது என்று மகள் கேலி செய்தாள். ஆசையாகக் கட்டிக் கொடுத்தவளிடம் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊருக்கு எதிரே உப்பு ஏரிக்குள் ஒரு மேடு இருக்கிறது. மேடு என்றால் தண்ணீருக்கு அடியில்தான். இடுப்பளவு ஆழம், காலடியில் வழவழவென்று சேறு. தீபாவளிக்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மழை முடிந்து, முகத்துவாரம் வழியே கடலிலிருந்து வந்த குஞ்சு இறால் அந்தச் சேற்றில் தின்று கொழுக்கட்டும் என்று விட்டுவைப்போம். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமைதான் திறப்பு. முன்னே நல்ல நாள் பார்த்து வைத்துக்கொண்டிருந்தோம். பாதி வீட்டில் கம்பெனி வேலை என்றான பிறகு சனி, ஞாயிறு என்று மாற்றிக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் ஆணும் பெண்ணுமாக எல்லாரும் வரிசை கட்டி இறங்குவோம். திங்கட்கிழமையிலிருந்து யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

வரிசை என்பது கரையோரத்திலிருந்து மேட்டின் விளிம்பு வரை தோளுக்குத் தோள் நின்று, மேட்டின் நீளத்துக்கும் குந்தியபடி நகர்வது. விளிம்புக்கு அந்தப் பக்கம் படகு போகிற கால்வாய், ஆளை முழுங்குகிற ஆழம். கலைந்த இறால் ஆழத்தைப் பார்த்துத்தான் ஓடும். விளிம்பில் நிற்கிற ஆள் மற்றவர்களைவிட நாலு அடி முன்னே போய், அரிவாள் வளைவது போல வரிசையை வளைத்து, கடைசியில் கரைப்பக்கம் திருப்ப வேண்டும். சீக்கிரம் திருப்பினால் இறால் பின்னால் தப்பிவிடும். தாமதித்தால் முன்னாலேயே போய்விடும். அந்த இடத்துக்கு ஆழத்து முனை என்று பேர். ஒன்பது வருஷமாக அது என்னுடைய இடம். இறங்குகிற நாற்பது பேருக்கும் பறி நிறைவது முனைக்காரி கையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

நடுவில் ஒரே ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, முனையில் நின்றாள். நல்ல கைக்காரி, ஒரு தடவலில் மூன்று இறாலைக் கொண்டுவருவாள். ஆனால் பொறுமை கிடையாது. பாதியிலேயே திருப்பிவிட்டாள். அந்த வருஷம் கரையேறியவர்கள் எல்லாம் காலிப் பறியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷப் பொங்கலுக்கு ஊரே கரும்பு கடித்தது. என் பங்கை அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு ஆயத்த வேலையில் உட்கார்ந்தேன். குருத்தோலை வெட்டிவந்து காயவைத்துக் கிழித்தேன். விரல் நகத்தை ஒட்ட வெட்டினேன், நீளமாக இருந்தால் சேற்றில் பிய்ந்துவிடும். கிளிஞ்சல் கிழிக்காமலிருக்க என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துவைத்தேன். அது தன் நல்ல சட்டை என்று அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது, சேறு எப்படி இருக்கிறது என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நாலு பேர் வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி புளுகு. நானே வியாழக்கிழமை இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்தேன். சேறு மெத்தென்று இருந்தது, காலுக்கடியில் இறால் விலுக்கென்று துள்ளியது. இந்த வருஷம் நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

எல்லாம் ஆயத்தம், பல் ஒன்றைத் தவிர. பழைய பறியை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் கவ்வுகிற இடத்தில் துணி சுற்றியிருப்போம். அதில் அவரவர் பல் தடம் பதிந்துவிடும். நாற்பது பறியைக் குவித்துப் போட்டாலும் தடத்தைப் பார்த்து இது இன்னாருடையது என்று எடுத்துக்கொள்வோம். அடுத்தவர் பறியை யாரும் வாயில் வைக்க மாட்டோம். என் பறியில் நடுவே இரண்டு அகலமான பள்ளம் இருந்தது. அந்தப் பல் இரண்டும் பொன்னேரி ரோட்டிலேயே கிடந்துபோயின. பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகைகூட வந்தது. அப்புறம் எழுந்துபோய்ப் புதுப்பறி பின்ன உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பறியைக் கரையில் ஊறவைப்பது வழக்கம். காய்ந்த ஓலை தண்ணீரில் ஊறினால்தான் வளைந்து கொடுக்கும். முனைக்காரி அந்த நேரத்தில் பறிக்குள் இரண்டு கை ஈரச்சேற்றைப் போட்டுக் கவ்விக்கொண்டு, மற்றவர்கள் ஊறவைத்து முடிக்கும் வரை தன் பல் பலத்தைக் காட்டி நிற்பாள். யாரும் நில் என்று சொல்வதில்லை, ஆனால் எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். மற்றவர்கள் பறியை அமுக்கக் குனிந்த நேரம் பார்த்து நான் கொஞ்சம் தள்ளி, ஓரகத்தி பக்கமாகப் போய் நின்றேன். கட்டின பல்லால் கவ்வினேன். நாலு மூச்சு விட்டிருப்பேன், பிளேட்டு பெயர்ந்து பறியோடு கீழே போயிற்று. சேற்றுக்குள் இரண்டு வெள்ளைப் பல் சிரித்துக்கொண்டு கிடந்தது.

ஓரகத்தி மட்டும்தான் பார்த்தாள். சட்டென்று என் முன்னால் வந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டாள். குனிந்து பல்லை எடுத்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்தாள். "உடு அக்கா, இந்த தபா முனைக்கு நான் போறேன். நீ கரையாண்ட நில்லு. இடுப்புல கட்டிக்கினு நிதானமா தடவு" என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பரிவாகச் சொன்னாள், அதுதான் சுருக்கென்றது. கரையோரத்தில் இடுப்பில் பறி கட்டிக்கொண்டு நிற்பவர்கள் பிள்ளைத்தாய்ச்சிகளும் முட்டி வலிக்காரர்களும். குந்தினால் இடுப்புப் பறி தண்ணீருக்குள் போய்விடும், போட்ட இறாலில் பாதி வெளியே வந்துவிடும். அவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது. இவள் முனைக்குப் போனால் மறுபடி பாதியிலேயே திருப்புவாள் என்ற பயமும் இருந்தது. "காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கடைவாய்ப் பல்லால் பக்கவாட்டில் கவ்வினேன். பறி சாய்ந்துகொண்டு தண்ணீரை மொண்டது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பறி மார்புக்கு அடியில் போய்க் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அண்டாவில் தலை விட்டிருப்பவளிடம் எதற்குப் பேச்சு என்று போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பறியை மிதித்திருப்பேன். விளிம்பு நார் ஒரு இடத்தில் பிரிந்திருந்தது, அதைக் கட்டிவிட்டு மிதிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பழக்கம் அப்படி.

நாரை இறுக்க ஒரு வேப்பங்குச்சித் துண்டை அதன் முனையில் கட்டி இழுப்பேன். கை இரண்டும் வேலையாக இருந்ததால் அந்தத் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். பிளேட்டு மாட்டவில்லை. குச்சி ஓட்டை வழியே உள்ளே போய்க் குறுக்கே திரும்பிக்கொண்டது. துப்பப் பார்த்தேன், வரவில்லை. நாரைப் பிடித்து இழுத்தேன், அப்போதும் வரவில்லை. ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பல்லின் பின்னால் குச்சி தாழ்ப்பாள் போட்டது போல உட்கார்ந்திருந்தது. நார் மட்டும் நடுவில் வெளியே வந்து, பறியின் விளிம்பு உதட்டை ஒட்டி நின்றது. மெதுவாக எழுந்து நின்று பறியில் கொல்லைச் சேற்றை அள்ளிப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன். பறி அசையவில்லை. ஒன்பது வருஷமாகத் தாடை நோகக் கவ்வினதைவிட இது லேசாக இருந்தது.

அதற்குள் மகள் வேலை முடிந்து வரும் சத்தம் கேட்டது. குச்சியை வாயிலிருந்து எடுத்துப் பறியை ஓரமாக வைத்துவிட்டு, பிளேட்டை மாட்டிக்கொண்டு, உதட்டை மூடிச் சிரித்தேன். நாளைக்குப் பல்லோடு எப்படி இறங்குவாய் என்று கேட்டாள். அதெல்லாம் ஆகும் என்றேன். அவள் கட்டிக் கொடுத்த பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, ஊர் முழுக்கப் பார்க்க ஓட்டை வாயோடு போகப் போகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை பல்லை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் கிளம்பினேன். வழியெல்லாம் முந்தானை வாயில். கரையில் பூநாரை படம் பிடிக்க வந்த இரண்டு பேர் எங்கள் பக்கம் கேமராவைத் திருப்பினார்கள். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஏழு மணிக்கு வரிசை இறங்கியது. மகள் கரையோரத்துக்கும் முனைக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாள். ஓரகத்தி சொன்னபடி முனைக்குப் போய்ப் பறியைக் கவ்விக்கொண்டு தயாராக நின்றாள். நான் அவளையும் தாண்டிப் போனேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். அவள் பார்க்கும்படியே வாயைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டுத் திருப்பி, வாயை மூடி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். பறி நாரில் தொங்கியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவள் கண் அகலமாயிற்று. ஏதோ கேட்க வந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் அவள் பறி விழுந்துவிடும். எங்கள் வரிசையில் அந்த வசதி உண்டு, இறங்கிவிட்டால் யாரும் யாரிடமும் பேச முடியாது. மூக்கால் "ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒரு ஆள் தள்ளி நின்றாள்.

குந்தினோம். தண்ணீர் மோவாயைத் தொட்டது. நகர ஆரம்பித்தோம். கை சேற்றில் விரிந்து போகும், விரலில் மீசை படும், அந்த நொடியில் அமுக்க வேண்டும். ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு கைக்கும் ஒன்றாக. பறி கனக்கக் கனக்கக் குச்சி உள்ஈறை உரசியது. உப்புத்தண்ணீர் பட்டு எரிந்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் முன்னே போய்க்கொண்டே இருந்தேன்.

மேட்டின் பாதியில் ஓரகத்தி "ம்ம்" என்றாள், திருப்பு என்று அர்த்தம். நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி "ம்ம்ம்" என்றாள். அதற்குப் பின்னால் வரிசையில் பத்து மூக்காவது சத்தம் போட்டது. மெத்தென்ற சேறு முடிந்து காலடியில் கிளிஞ்சல் நறநறக்கிற இடம் வரும், அங்கேதான் திருப்ப வேண்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கால் மட்டும்தான் சொல்லும். நறநறத்தது. கையைத் தூக்கி, கரையைப் பார்த்து வளைந்தேன். வரிசை முழுக்க என் பின்னால் வளைந்தது.

போக இடமில்லாத இறால் எல்லாம் எங்களுக்கும் கரைக்கும் நடுவில் துள்ள ஆரம்பித்தது. கரையோரத்து இடுப்புப் பறிக்காரர்கள்கூட இரண்டு கையாலும் அள்ளினார்கள். ஒரு பெரிய இறால் எகிறி ஓரகத்தியின் நெற்றியில் பட்டென்று அடித்தது. அவள் "அம்மே" என்று வாயைத் திறந்தாள், பறி தொப்பென்று விழுந்தது. அதைத் துரத்திக்கொண்டு தண்ணீரில் குப்புற விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. வாயில் தொங்குவதோ நிறைந்த பறி. கரை வரைக்கும் அந்தச் சிரிப்பை மூக்கு விடைக்க அடக்கிக்கொண்டு வந்தேன்.

கரையேறிப் பறியை இறக்கிக் குச்சியை எடுத்தேன். மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஈரத்துணியில் என் பல். காலையில் புளிச்சோற்றுக்கு உப்பு எடுக்கப் போனபோது பார்த்திருக்கிறாள்.

"அந்தாண்ட திரும்பி மாட்டிக்கோம்மா, யாரும் பாக்கல" என்றாள்.

அதே நேரம் நெற்றியில் சேறும் இறால் கொம்பு கீறின கோடுமாக ஓரகத்தி வந்து நின்று, "அக்கா, இன்னாத்துல கவ்வுன நீ?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் வெடித்துக்கொண்டு வந்தது. வாயை மூடத் தோன்றவில்லை, முந்தானையும் கைக்கு வரவில்லை. அவளும் சேர்ந்துகொண்டாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, கேமராக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆயிற்று.

மகள் மட்டும் சிரிக்காமல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதப் போட்டா சிரிக்க வராதா உனக்கு?"

"விழுந்துடும்."

"இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"

"நீ ஆசையா கட்டிக் குடுத்த."

டப்பாவை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "இரு, சிரிச்சிட்டு மாட்டிக்கிறேன்" என்றேன். அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அப்புறம்தான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து புது வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு முனையையும் தரையில் தேய்த்து, ஈறில் குத்தாமல் வழவழப்பாக்கி, மெல்லிய துணி சுற்றினாள். "ஆ காட்டு" என்றாள். காட்டினேன்.